அங்கணம் என்ன விலை?

சித்தூர் என்று சொன்னால் இங்கே பாதிப் பேர், "பாலக்காட்டுப் பக்கம் இருக்குமே, அந்தச் சித்தூரா?" என்பார்கள். மீதிப் பேர், "ஓ, திருப்பதியா!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரு ஊரின் அடையாளம் 70 கிலோமீட்டர் தள்ளி, அதுவும் மலைமேல் இருப்பது எங்களுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எப்போதும் இப்படி இல்லை. 1911 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் ஜில்லா தனியாகப் பிரியும்வரை வட ஆற்காடு ஜில்லாவுக்கே தலைமை இடம் சித்தூர்தான். வேலூர்க்காரர்கள் கலெக்டரைப் பார்க்கவேண்டும் என்றால் எங்கள் ஊருக்குத்தான் வரவேண்டும். (வேலூர் நண்பர்கள் மன்னிக்க. ஏதோ பழம்பெருமை.) மதராஸிலிருந்து பெங்களூர் போகிற பெரிய ரோடும் எங்கள் வழியாகத்தான் போனது. பழைய என்ஹெச் 4. ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர், முளபாகல், கோலார் என்று போகும். சின்ன வயதில் ராத்திரி லாரி ஹாரன் கேட்காமல் தூங்கியதாக நினைவே இல்லை. டீக்கடை, பங்க்சர் கடை, லாட்ஜ், மெஸ் எல்லாம் அந்த ஒரு ரோட்டை நம்பிப் பிழைத்தன.

அப்புறம் 2000களில் தங்க நாற்கரம் வந்தது. சென்னை - பெங்களூர் நாலு வழிச்சாலை ராணிப்பேட்டையில் இடதுபக்கம் திரும்பி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று போய்விட்டது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதும் வேறு விஷயம். திருப்பதிக்குப் போகிற பெங்களூர் வண்டிகள் மட்டும் எங்களுக்கு மிஞ்சின. அவையும் பைபாஸில் போய்விடும். வரைபடத்தில் ஒரு கோடு 35 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப்போனதில் ஒரு ஊரின் இரண்டு தலைமுறைப் பிழைப்பு மாறிப்போனதை நான் லீவுக்கு லீவு போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு லாட்ஜ் கல்யாண மண்டபமாகியிருக்கும், இல்லை பூட்டியிருக்கும்.

2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திராவின் 13 மாவட்டங்களை 26 ஆக்கினார்களே, அன்றைக்குத் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. இப்போது சித்தூர் மாவட்டத்தில் திருப்பதி இல்லை. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் நிறுத்தவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2019ல் தங்கமணியின் அண்ணன், அதாவது என் மச்சான், போன் செய்தார். திருப்பதிக்குத் தெற்கே ஒரு லேஅவுட். ஊர்ப் பெயர் வேண்டாம். "மாப்ள, ரெண்டு பேரும் சேந்து ஒரு பிட்டு வாங்கிப் போடுவோம். அம்மா அப்பாவுக்கு வயசாச்சு. சித்தூர்ல இருந்து ஒவ்வொரு தடவையும் சுவிம்ஸுக்குக் கூட்டிட்டு அலைய முடியல. அங்கயே ஒரு வீடு கட்டி வச்சிட்டா நிம்மதி" என்றார்.

நியாயமான பேச்சு. மாமனாருக்கு அப்போதே 74 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. சுவிம்ஸ் ஆஸ்பத்திரி 1993லிருந்து திருப்பதியில் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய வியாதி என்றால் ஒன்று வேலூர் சிஎம்சி, இல்லை சுவிம்ஸ். "அங்கணம் என்ன விலை?" என்று கேட்டேன். திருப்பதிப் பக்கம் மனையை சதுர அடியில் யாரும் சொல்லமாட்டார்கள். அங்கணம்தான். 6 அடிக்கு 6 அடி, 36 சதுர அடி ஒரு அங்கணம். நெல்லூர் அங்கணம் இதற்கு இரண்டு மடங்கு. தெரியாமல் விலை பேசினால் தலையில் துண்டு.

மச்சான் வாட்ஸாப்பில் ஒரு பிரசுரம் அனுப்பினார். வெளிநாட்டுத் தமிழர்கள் எல்லோருக்கும் இந்தப் பிரசுரம் மனப்பாடம் ஆகியிருக்கும். அலிபிரியிலிருந்து இத்தனை நிமிடம். ரேணிகுண்டா ஏர்போர்ட்டிலிருந்து இத்தனை நிமிடம். நான்கு வழிச்சாலைக்கு இத்தனை நிமிடம். கோபுரம் வைத்த நுழைவாயில், ஒரு நீரூற்று, எந்த நாட்டிலோ எடுத்த குழந்தைகளின் படம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் எந்தப் பிரசுரத்திலும் இருக்காது.

என் தாய்மாமா சர்வே டிபார்ட்மெண்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சங்கிலி பிடித்து நிலம் அளந்த காலத்து ஆள். சர்வே நம்பரை அவருக்கு அனுப்பினேன். நாலு நாள் கழித்துப் பேசினார்.

"பட்டா நிலம்தான்டா. 22ஏ லிஸ்டுல இல்ல. வில்லங்கம் சுத்தமா இருக்கு. டைக்ளாட்டும் பாத்துட்டேன்."

இந்த டைக்ளாட் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்து ரீசெட்டில்மெண்ட் ரிஜிஸ்டருக்கு ஆந்திராவில் இன்னும் அந்தப் பெயர். எந்த சர்வே நம்பர் யாருடையது, எது புறம்போக்கு, எது ஏரி என்று நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்தது. சொந்தக்காரர் யாரென்று தெரியாத இடத்தில் பெயருக்குப் பதில் புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நிலங்களுக்கு இன்றைக்கும் "சுக்கல பூமுலு", அதாவது புள்ளி நிலங்கள் என்று பெயர். ஒரு குமாஸ்தா வைத்த புள்ளிக்காக 2017ல் ஆந்திர அரசு தனிச் சட்டமே போடவேண்டி வந்தது. அடுத்த 20 வருஷத்துக்கு நகரம் எப்படி வளரவேண்டும் என்று மாஸ்டர் பிளான் போடுகிறவர்கள் ஒரு பக்கம். நூறு வருஷத்துக்கு முந்தைய புள்ளியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

"அப்ப வாங்கலாமா மாமா?"

"இருடா. எஃப்எம்பி எடுத்துப் பாத்தேன். உங்க மனைக்கு வடக்கால ஒரு வரத்துக்கால் ஓடுது. மேல இருக்கற குட்டை நெறஞ்சா கீழ ஏரிக்குத் தண்ணி வர்ற வழி. லேஅவுட் ஷீட்ல அந்த எடத்துல 30 அடி ரோடுன்னு போட்டிருக்கான்."

எஃப்எம்பி என்பது ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் இருக்கும் அளவுப் படம். கிராம வரைபடத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்றைக்கு வெறும் முள்செடியாகத் தெரியும் பள்ளம் எதற்காக இருந்தது என்பது விளங்கிவிடும். மச்சான் புரோக்கரிடம் கேட்டிருக்கிறார். "அந்தக் கால்வாயில தண்ணி வந்து இருபது வருஷம் ஆச்சு சார்" என்று பதில்.

அது பஞ்சாயத்தில் அப்ரூவல் வாங்கிய பழைய லேஅவுட். பூங்காவுக்கு விடவேண்டிய 10 சதவீத இடமும் சரியாக இல்லை. ஆனால் அதற்குத்தான் எல்ஆர்எஸ் இருக்கிறதே. வருஷம் தாண்டி வருஷம் அரசாங்கம் ஒரு முறைப்படுத்தும் திட்டம் கொண்டுவரும். 2008ல் வந்தது, 2020ல் வந்தது. திறந்தவெளி விடவில்லையா, அதற்கு ஈடாகப் பணத்தைக் கட்டு, முடிந்தது. கட்டிய பணத்தில் எங்காவது பூங்கா வரலாம். ஆனால் மூடிய கால்வாயை எந்த ரசீதை வைத்துத் திறப்பது?

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தங்கமணி ஒரு வாரம் பேசவில்லை. அவள் கேட்டதில் தப்பில்லை. "உங்களுக்குத் தண்ணி வர்ற வழி முக்கியம். எனக்கு எங்கப்பா ஆஸ்பத்திரிக்குப் போற வழி முக்கியம்" என்றாள். மச்சான் தனியாகவே வாங்கினார். 2020 கடைசியில் வீடு கட்டி கிருகப்பிரவேசம். ஊரே அடைந்து கிடந்த நேரம், நாங்கள் ஜூமில் பால் காய்ச்சியதைப் பார்த்தோம்.

இந்த இடத்தில் திருப்பதி ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். நாம் எல்லோரும் பஸ்ஸிலிருந்து இறங்கி மலைக்கு ஓடுகிறவர்கள்; கீழே இருக்கும் ஊரைப் பார்ப்பதே இல்லை.

கீழ்த் திருப்பதி தானாக வளர்ந்த ஊர் இல்லை. ராமானுஜர் 1130ல் கோவிந்தராஜர் கோயிலை ஸ்தாபித்து, சுற்றி மாடவீதிகள் அமைத்துக் குடியேற்றினார் என்பது மரபு. 2022லிருந்து பிப்ரவரி 24ஆம் தேதியை ஊருக்குப் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். கோயில், நாலு வீதி, ஒரு புஷ்கரிணி. அந்தக் காலத்து மாஸ்டர் பிளான் அவ்வளவுதான். ஆனால் அதில் தண்ணீருக்கு இடம் முதலிலேயே விட்டிருந்தார்கள் பாருங்கள். மலைக்குத் தெற்கே ஊர், ஊருக்குத் தெற்கே ஸ்வர்ணமுகி. மலையில் பெய்கிற மழை ஊரைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போயாகவேண்டும். வழியில் அது தங்குவதற்கு வரிசையாகக் குட்டைகள், ஏரிகள்.

அந்தக் குட்டைகள் எங்கே என்று தேடவேண்டாம். தெருப் பெயரைப் படித்தால் போதும். தாத்தய்யகுண்ட, கொர்லகுண்ட, கொல்லவானிகுண்ட. தெலுங்கில் "குண்ட" என்றால் குட்டைதான். தாத்தய்யகுண்டவில் இப்போது கங்கம்மா கோயில் ஜாத்திரை நடக்கிறது, குட்டை பெயரில் மட்டும் இருக்கிறது. நம் சென்னைக்காரர்கள் சிரிக்கவேண்டாம். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று அட்ரஸ் எழுதுகிறவர்கள்தானே நாம்.

ஊர் பெருத்ததற்குக் காரணங்களும் வெளியிலிருந்து வந்தவைதான். 1886ல் முனிசிபாலிடி. 1890களின் தொடக்கத்தில் பாகால வழியாக ரயில். 1944ல் முதல் மலைப்பாதை திறந்து மோட்டார் வண்டி மேலே போனது. அதுவரை நடைதான், இல்லையென்றால் டோலி. இரண்டாவது மலைப்பாதை 1970களில். அதற்கப்புறம் கூட்டம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் திருப்பதி நகரத்தில் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஜனங்கள். மலைக்குப் போகிறவர்களோ சாதாரண நாளிலேயே 60,000லிருந்து 80,000 பேர். அதாவது நாலு பேர் இருக்கும் வீட்டுக்குத் தினமும் ஒரு விருந்தாளி, வருஷம் 365 நாளும், விருந்தாளி மாறிக்கொண்டே இருப்பார். இப்படி ஒரு ஊருக்குத் தண்ணீர்க் குழாய், சாக்கடை, ரோடு, வீடு எல்லாம் 20 வருஷம் முன்கூட்டிக் கணக்குப் போடவேண்டும். 1981ல் துடா என்கிற நகர வளர்ச்சி ஆணையம் வந்தது. 2007ல் மாநகராட்சி. 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம். சித்தூருக்கென்று ஒரு வளர்ச்சி ஆணையம் வர 2010களின் கடைசி ஆனது. அதற்குள் ஊர் நாலு பக்கமும் போய்விட்டது.

விருந்தாளிக்காகத் திட்டம் போடுவதா, வீட்டுக்காரனுக்காகப் போடுவதா என்பதுதான் திருப்பதியின் நிரந்தரப் பிரச்சினை. பெரும்பாலும் விருந்தாளிதான் ஜெயிப்பார். மேலே திருமலையில் மாஸ்டர் பிளான் என்று சொல்லி மாடவீதிகளை அகலப்படுத்தியபோது, பரம்பரையாக அங்கே இருந்தவர்களின் வீடுகளும் கடைகளும் போயின. அவர்களில் பலர் இப்போது திருமலையிலேயே பாலாஜி நகரில் இருக்கிறார்கள். 2003ல் ஆயிரங்கால் மண்டபத்தையே இடித்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் சாளுவ மன்னர் காலத்தில் கட்டியது. வீதி அகலமானது உண்மை. கூட்டம் சுற்றி வர இடம் கிடைத்ததும் உண்மை. ஆனால் ஒரு முறை சின்ன வயதில் அந்த மண்டபத்து நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டவனுக்கு அந்த வெட்டவெளியைப் பார்த்தால் என்னவோ போல்தான் இருக்கிறது.

கீழே 2023 செப்டம்பரில் ஸ்ரீனிவாச சேது மேம்பாலம் முழுவதுமாகத் திறந்தார்கள். முதலில் கருட வாரதி என்று பெயர் வைத்து, ஆட்சி மாறியதும் பெயர் மாறியது. நம்மூர் வழக்கம்தானே. திருச்சானூர்ப் பக்கம் ஏறினால் ஊரின் தலைக்குமேலேயே போய்க் கபில தீர்த்தத்தில் இறங்கலாம். தேவஸ்தானமும் ஸ்மார்ட் சிட்டியும் சேர்ந்து செலவு செய்தது. யாத்ரீகருக்கு அரை மணி நேரம் மிச்சம். லீலா மஹால் சர்க்கிளில் கடை வைத்திருக்கும் என் கூடப் படித்த நண்பனைக் கேட்டால், "மேல போறவன் எவனும் எறங்கி வாட்டர் பாட்டில் வாங்கமாட்டான்டா" என்கிறான். எங்கள் சித்தூர் பைபாஸ் கதைதான், இங்கே தூண் வைத்து நடக்கிறது. ஆனால் பாலம் இல்லாமல் அந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நின்றதையும் அவனேதான் சொல்லியிருக்கிறான்.

கூட்டத்தைக் கணக்கில் எடுக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரி 8ஆம் தேதி பார்த்தோம். வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காக பைராகிபட்டெடவில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல். 6 பேர் போய்விட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. பைராகிபட்டெட ஜனங்கள் குடியிருக்கும் பகுதி. குழந்தைகள் விளையாட வைத்த பூங்காவில் ஆயிரக்கணக்கான பேரை அடைத்து நிறுத்தவேண்டிய நிலை அந்த ஊருக்கு.

தண்ணீர் கதைக்குத் திரும்புகிறேன். 2021 நவம்பர் 18. கூகுளில் பார்த்தால் படங்கள் இன்னும் இருக்கும். மலைமேலிருந்து படிக்கட்டு வழியாகவே அருவி மாதிரி இறங்கியது. மலைப்பாதைகளை மூடினார்கள். ஸ்வர்ணமுகியில் பாலங்கள் போயின. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஊருக்குள் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் வண்டி மாட்டி ஒரு புதுமணப்பெண் இறந்திருந்தாள். இரண்டு மூன்று நாள் கழித்து ராயலசெருவு கசிகிறது என்று செய்தி. விஜயநகர காலத்து ஏரி அது. கரைக்குக் கீழே இருந்த கிராமங்களை ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தார்கள்.

எங்களுக்கு இங்கே காலை. மாமியார் போனை எடுத்தார். குரலில் பதற்றமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "கீழ ஹால்ல ரெண்டடி தண்ணி இருக்கு. நாங்க மாடிக்கு வந்துட்டோம். அவருக்கு மாத்திரை மட்டும் கீழ ஃப்ரிட்ஜ் மேல இருக்கு." மச்சான் பெங்களூரில். ரோடே இல்லை, வரமுடியாது. 76 வயது மனுஷர், ஸ்டென்ட் வைத்தவர், மாத்திரை கீழே. எதிர்வீட்டுப் பையன் ஒருவன் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து எடுத்துக்கொடுத்தான் என்று நாலு மணி நேரம் கழித்துத் தெரிந்தது. அந்த நாலு மணி நேரம் தங்கமணி கையில் போனை வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றுகொண்டே இருந்தாள். மூன்றாம் நாள்தான் தண்ணீர் வடிந்தது. அதுவரை டிராக்டரில் சாப்பாடு. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதானே கட்டினோம். அந்த மூன்று நாளும் சுவிம்ஸ் பம்பாயில் இருந்திருந்தாலும் ஒன்றுதான்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. 30 அடி ரோட்டில் நேராக, வளையாமல் நெளியாமல், எஃப்எம்பியில் போட்டிருந்தபடியே வந்தது. மாமா இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. "மாத்திரை கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

நான் இருக்கும் ஓரிகன் மாநிலத்தில் 1973ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஊரும், பத்தாயிரம் பேர் இருக்கும் ஊர்கூட, நிலம், வீடு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு திட்டம் வைத்திருக்கவேண்டும். 20 வருஷத்துக்குத் தேவையான நிலத்தைக் கணக்குப் போட்டு ஊரைச் சுற்றி ஒரு எல்லைக்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் விவசாயம். ஹில்ஸ்பரோ பக்கம் வந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ரோட்டுக்கு ஒரு பக்கம் அபார்ட்மெண்ட், எதிர்ப்பக்கம் வயல். பக்கத்து நிலத்தின் வகை மாறினால் நமக்குத் தபாலில் கடிதம் வரும், கூட்டத்துக்குப் போய் மைக்கில் மூன்று நிமிடம் பேசலாம். நானும் ஒரு முறை பேசியிருக்கிறேன். சொர்க்கம் என்று நினைக்கவேண்டாம். நிலத்தைக் கட்டிவைத்ததில் வீட்டு விலை ஏறியதாக இங்கே ஓயாத சண்டை. கடைசியில் 2019ல், ஒற்றை வீடு மட்டும் என்று இருந்த இடங்களில் இரட்டை வீடும் கட்டலாம் என்று சட்டத்தைத் தளர்த்தவேண்டி வந்தது.

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1920லேயே மதராஸ் மாகாணம் நகர அமைப்புச் சட்டம் போட்டுவிட்டது. 1914-15ல் பேட்ரிக் கெடிஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் மாகாணத்து ஊர்களை நடந்தே சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். கொசு வருகிறது என்று குளத்தை மூடாதீர்கள், சுத்தம் செய்து மீன் விடுங்கள் என்பது அவர் கட்சி. தமிழ்நாடு 1971ல் வேறு சட்டத்துக்கு மாறிவிட்டது. ஆந்திராவோ மாநிலம் பிரிந்தபோது இந்த மதராஸ் சட்டத்தையும் கையோடு கொண்டுபோனது. ம.பொ.சி. கேட்ட திருப்பதி நமக்குக் கிடைக்கவில்லை, 1960ல் திருத்தணிதான் கிடைத்தது. ஆனால் நம் சட்டம் மட்டும் அங்கே தங்கிவிட்டது.

இத்தனையும் எழுதக் காரணம், அந்த லேஅவுட்டில் யார் யார் மனை வாங்கியிருக்கிறார்கள் என்று மச்சான் சொன்ன கணக்கு. அவர் தெருவில் 14 மனை. அதில் 9 பேர் வெளிநாடு. துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சி, ஒருவர் மஸ்கட். ஒன்பது பேரும் போனிலேயே விலை பேசி முடித்தவர்கள். எங்கே ரோடு, எங்கே வீடு, எங்கே ஏரி என்று ஆபீசில் வர்ணம் தீட்டி வைத்த படம் ஒன்று இருக்கிறது. அதற்கு வெளியே, கால்வாயை மூடினால் விற்கும் என்று லேஅவுட்காரருக்குத் தைரியம் கொடுத்தது யார்? நம் அட்வான்ஸ் பணம்தான். அந்த 14 பேரில் நாலு பேர் எஃப்எம்பி கேட்டிருந்தால் அந்தக் கால்வாய் அங்கேயே இருந்திருக்கும் என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாலு பேர் விலகினால் ஐந்தாவது ஆள் கத்தாரில் இருப்பார். ஆனால் சித்தூர் மாதிரி ஒன்றரை லட்சம் பேர் இருக்கும் ஊரில் நாலு பேர் கேட்பது, சென்னையில் நானூறு பேர் கேட்பதற்குச் சமம். அந்த அளவுக்கு நம்பிக்கை இருக்கிறது.

மாமனார் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். காலையில் நடக்கிறார், மலையைப் பார்க்கிறார், எதிர்வீட்டுப் பையனுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். தெருவை இரண்டடி ஏற்றிப் புது சிமெண்ட் ரோடு போட்டுவிட்டார்கள். அதனால் அடுத்த மழைக்குத் தண்ணீர் இவர்கள் வீட்டுக்கு வரவில்லை, பின்தெருவுக்குப் போனது.

போன மாதம் மச்சான் மறுபடி போன் செய்தார். பெங்களூரு - சென்னை விரைவுச்சாலை, 2022ல் அடிக்கல் நாட்டினார்களே, அது சித்தூருக்குத் தெற்கே குடிபாலப் பக்கம் போகிறது. திருப்பதி - பாகால - காட்பாடி ரயில் பாதையை இரட்டையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்துவிட்டது. 104 கிலோமீட்டர், 1,332 கோடி. "தங்க நாற்கரத்துல விட்டதை எல்லாம் இப்பப் புடிச்சிடலாம் மாப்ள. சித்தூர் எங்கயோ போகப்போவுது" என்றார். குரலில் ஒரு உற்சாகம். எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். நம்ம ஊர் ஆயிற்றே.

"நீவா நதியிலேர்ந்து எவ்ளோ தூரம்?" என்று கேட்டேன். பொன்னையாறு என்று நாம் தமிழ்நாட்டில் சொல்கிறோமே, அதற்கு அங்கே நீவா என்று பெயர்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சர்வே நம்பர் அனுப்பறேன். உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

மாமாவுக்கு இப்போது 81. கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. படத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.